தண்டவாளம் முடியும் ஊர்

கொழும்புக் கோட்டையிலிருந்து மலைநாட்டுக்குப் புறப்படும் புகைவண்டி ஏறக்குறைய 290 கிலோமீட்டர் தூரம் ஓடி, ஓரிடத்தில் நின்றுவிடுகின்றது. அதற்கு அப்பால் தண்டவாளம் இல்லை. அந்த இடம் ஊவா மாகாணத்தின் தலைநகராகிய பதுளை. காட்சி காண வருகிறவர்களில் பெரும்பாலோர் எல்லவில் இறங்கிவிடுவார்கள். கடைசி வரைக்கும் போகிறவர்கள் ஊர் மக்களும் தோட்டத்து மக்களும், என்னைப் போல ஏதேனும் ஒரு காரியத்தை முன்னிட்டுப் போகும் சிலருமே.

2023ஆம் ஆண்டு ஆகஸ்டு விடுமுறையில், நண்பர் ஒருவரின் அழைப்பை ஏற்றுப் பதுளைக்குப் பிரயாணமானேன். என் தமக்கையின் மகன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து உடன் சேர்ந்துகொண்டான். உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படிப்பவன். ஆகாய விமானம் என்றால் ஊண் உறக்கம் மறப்பவன். காலை வண்டியில் சன்னலோர ஆசனம் பிடித்துக் கொடுத்தால் இயற்கையை இரசிப்பான் என்று எண்ணினேன். அவனோ வண்டி களனி ஆற்றைத் தாண்டுமுன்பே கேள்வியைத் தொடங்கிவிட்டான்.

"மாமா, நீங்கள் படிக்கிற காலத்தில ரஷ்ய விமானத்தில் வந்ததாக அம்மா சொன்னா. இப்ப பலாலிக்கு வாறது ஏரீஆர். இரண்டிலும் எது திறம்?"

கேள்வி சிறியது, எனக்கு அது இருபத்தைந்து ஆண்டுகளைப் புரட்டிவிட்டது. 1998ஆம் ஆண்டில், என் பதினெட்டாவது வயதில், பலாலியிலிருந்து இரத்மலானைக்கு அன்டனோவ்-24 விமானம் ஒன்றில் வந்தேன். தரைவழி அடைபட்டிருந்த காலம் அது. விமானத்தை எல்லோரும் 'ரஷ்ய விமானம்' என்றார்கள். உண்மையில் அதை வகுத்தது இன்றைய உக்ரேனின் தலைநகராகிய கீவ் நகரிலிருந்த கூடம். 1959இல் முதன்முதல் பறந்த வகை. ஆசனத் துணி கிழிந்திருந்தது. சுவர் முழுவதும் நடுங்கியது. என் பக்கத்தில் இருந்த மூதாட்டி இறங்கும் வரைக்கும் கந்தசஷ்டி கவசத்தை நிறுத்தவில்லை. சில வாரங்களுக்குப் பின், செப்டெம்பர் 29ஆம் திகதி, அதே வகை விமானம் ஒன்று 55 பேருடன் பலாலியிலிருந்து புறப்பட்டு மன்னார்க் கடலுக்கு மேலே சுட்டு வீழ்த்தப்பட்டது. அதைக் கேட்டவர்கள் பலர், "பழைய ரஷ்ய விமானம், அதுதான்" என்றார்கள். பழி விமானத்தின்மீது விழுந்தது. அதைக் கொன்றது அதன் வயதன்று, போர்.

இதையெல்லாம் மருமகனுக்குச் சொல்லி, "எது திறம் என்று கேட்பதற்கு முன், எந்த வேலைக்கு என்று கேட்க வேண்டும்" என்றேன். "அதற்கு விடை இந்த வண்டியை இழுக்கிற எஞ்சினிடத்திலே இருக்கிறது. பொறு, மலை ஏறட்டும்."

நம் மலைநாட்டுப் பாதை 1867இல் கண்டியையும், 1885இல் நானுஓயாவையும், 1893இல் அப்புத்தளையையும் அடைந்தது. பதுளைக்கு வண்டி வந்ததோ 1924இல். தேயிலைப் பெட்டிகளைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகவே இப்பாதை இவ்வளவு உயரத்துக்கு ஏறியது. 44 அடி ஓடினால் ஓரடி உயரும் ஏற்றங்கள் இதில் உண்டு. புகைவண்டிக்கு அது மலை அல்ல, சுவர். வளைவுகளோ, முன்னே போகும் எஞ்சினைக் கடைசிப் பெட்டியில் இருப்பவர் நேரே கண்டு கைகாட்டக்கூடியவை.

இப்பாதைக்கு வலிமை மாத்திரம் போதாது, வளையவும் தெரியவேண்டும். ஆகவே 1927இல் மான்செஸ்டர் நகரிலிருந்து காரட் என்னும் வகை நீராவி எஞ்சின் ஒன்றும், 1945இல் மேலும் எட்டும் வந்தன. கொதிகலன் நடுவிலே தொங்க, அதன் இரு முனைகளிலும் தனித்தனிச் சக்கரத் தொகுதிகள் திரும்பும் அமைப்பு அது. இரண்டு எஞ்சின்களின் இழுவை, ஒரே எஞ்சினுக்குரிய ஆட்கள். ஆனால் நீராவி எஞ்சின் உண்ணும் நிலக்கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குகூட இழுவையாக மாறுவதில்லை. மிச்சமெல்லாம் புகைபோக்கி வழியே போய்விடும்.

1954இல் கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடாவிலிருந்து எம்2 வகை டீசல் எஞ்சின்கள் வந்து இறங்கின. 1,425 குதிரைவலு. ஒன்டாரியோ, அல்பேட்டா, சஸ்காச்சுவான் என்று கனடிய மாகாணங்களின் பெயர்களைத் தாங்கி அவை நம் மலைகளில் ஏறின. அக்காலத்தில் புகையிரதப் பகுதியின் பிரதம இயந்திரப் பொறியியலாளராக இருந்து, பின்னர் பொது முகாமையாளரான பி. டி. ரம்பாலா அவர்கள் டீசலுக்கு மாறும் வேலையை முன்னின்று நடத்தினார். டீசல் எஞ்சின் மின்சாரத்தை உண்டாக்கும். அந்த மின்சாரம் சக்கரங்களைச் சுழற்றும். நீராவி எஞ்சினின் இழுவை துடிப்புத் துடிப்பாக வரும். மின்மோட்டாரின் இழுவை சீராக வரும். மழை நனைத்த தண்டவாளத்தில் சக்கரம் வழுக்காமல் ஏறுவதற்கு அந்தச் சீர்தான் வேண்டும்.

ஹட்டன் நிலையத்தில் ஒரு பெரியவர் ஏறி எங்கள் எதிரே அமர்ந்தார். வெள்ளை வேட்டி, பழைய கோட்டு, கையில் துணிப்பை. எழுபது வயது மதிக்கலாம். சிறிது நேரம் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவர், "சார் வாத்தியாருங்களா?" என்றார். ஆமென்றேன். தாம் பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் நாற்பது வருஷம் பிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்றும், ஹட்டனில் மகளைப் பார்த்துவிட்டுத் திரும்புவதாகவும் சொன்னார்.

"எஞ்சினப் பத்திப் பேசுறீங்க, அதான் கேட்டேன். தம்பி என்ன கேக்குது?"

"ஜெட் எஞ்சினில் பழையதுக்கும் புதியதுக்கும் என்ன வித்தியாசம் என்கிறான், ஐயா."

நான் கரும்பலகை இல்லாமல் தொடங்கினேன். பழைய ஜெட் எஞ்சின் சிறிதளவு காற்றை உள்ளே இழுத்து, எரித்து, மிகுந்த வேகத்தில் பின்னே வீசும். புதியது முன்புறத்தில் ஒரு பெரிய விசிறியை வைத்திருக்கின்றது. வரும் காற்றில் ஒரு பங்கே அடுப்புக்குள் போகும். மற்றப் பங்குகள் அடுப்பைச் சுற்றிக்கொண்டு, அவ்வளவு வேகமில்லாமல் பின்னே தள்ளப்படும். சோவியத் நாட்டின் டூபொலெவ்-154 விமானத்தின் முதல் எஞ்சின்களில் உள்ளே ஒரு பங்கு போனால் சுற்றிப் போவதும் ஏறக்குறைய ஒரு பங்கே. இன்றைய ஏர்பஸ் 330இல் பூட்டப்படும் ரோல்ஸ் ராய்ஸ் டிரென்ட் 700 எஞ்சினில் அது ஐந்து பங்கு. இரண்டு மடங்கு காற்றைப் பாதி வேகத்தில் தள்ளினால் தள்ளுவிசை குறையாது. அதற்குச் செலவாகும் சக்தியோ பாதியாகிவிடும்.

மருமகன் புருவத்தைச் சுருக்கினான். பெரியவர் சிரித்தார்.

"தம்பி, இது லேசு. கொல்லன் பட்டறையில துருத்தி பாத்திருப்பே. சின்ன வாய், காத்து ஊசி மாதிரி வரும். எங்க ஸ்டோர்ல கொழுந்து வாட்டுற தொட்டிக்கு ஒரு விசிறி இருக்கு, ஆள் உயரம். அது மெல்லமாத்தான் தள்ளும். ஆனா தொட்டி பூரா கொழுந்தையும் தூக்கி நிறுத்திரும். கரண்டு பில்லு எதுக்குக் கொறையும்? விசிறிக்குத்தான்!"

இருபது ஆண்டுகளாகப் பௌதிகம் கற்பிக்கின்ற நான், இதைவிடத் தெளிவாக ஒரு நாளும் சொன்னதில்லை.

அன்டனோவ்-24க்கும் ஏரீஆர்-72க்கும் உள்ள வேறுபாட்டையும் பேசினோம். இரண்டும் சுழல்விசிறி விமானங்களே. முன்னதற்கு ஒவ்வொரு பக்கமும் நான்கு தகடுகள். பின்னதன் புதிய வகைக்கு ஆறு. முன்னது ஏறக்குறைய ஐம்பது பேரை ஏற்றும்; பின்னது ஏறக்குறைய எழுபது பேரை ஏற்றிக்கொண்டு அதைவிடக் குறைந்த எரிபொருளில் பறக்கும். ஆனால் அன்டனோவ் செப்பனிடாத மண் தரையிலும் இறங்க வகுக்கப்பட்டது. அதன் ஒரு வகையில், புறப்படும்போது உதவுவதற்கென்று வலப்பக்க எஞ்சின் கூட்டுக்குள் ஒரு சிறிய ஜெட் எஞ்சினும் உண்டு. "கடுகண்ணாவ ஏத்தத்துல பின்னாலேர்ந்து தள்ளுற எஞ்சின் மாதிரி" என்று பெரியவர் முடித்து வைத்தார். 2019 நவம்பரில் சென்னையிலிருந்து பலாலிக்கு வரத் தொடங்கிய ஏரீஆர் விமானத்தின் எஞ்சின், கனடாவில் வகுக்கப்பட்டது. ஒன்டாரியோவும் அல்பேட்டாவும் பிறந்த அதே நாடு.

இதற்குள் வண்டி பட்டிப்பொலவுக்கு வந்துவிட்டது. கடல் மட்டத்திலிருந்து 6,200 அடிக்கு மேல். இலங்கையின் புகையிரத நிலையங்களுள் இதுவே உயர்ந்தது. இங்கே காற்றின் செறிவு கடற்கரையில் உள்ளதில் ஆறில் ஐந்து பங்குதான். மனிதனைப் போலவே எஞ்சினும் இங்கே மூச்சு வாங்குகின்றது. ஆகவே அதற்கும் காற்றை அழுத்தி ஊட்டும் கருவி வேண்டும்.

நிலையத்துக்கு அப்பால் ஒரு சுரங்கம். அதற்கு இப்புறம் மத்திய மாகாணம், அப்புறம் ஊவா. நாங்கள் நுழைந்தபோது தூறல், வெளிவந்தபோது வெயில்! தென்மேற்குப் பருவமழை மலையின் மேற்குப் பக்கத்திலே தன் நீரையெல்லாம் கொட்டிவிட, ஊவாப் பக்கத்துக்கு வறண்ட காற்று மாத்திரமே வந்து சேர்கின்றது. ஜூலை முதல் செப்டெம்பர் வரைக்கும் வீசும் இக்காற்றில் கொழுந்து சற்றே வாடி, தனி மணம் கொள்ளும். உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குள்ள பெயர் இந்தக் காற்று கொடுத்த பெயர். செடிக்கு வாட்டம், தேநீருக்கு வாசனை. அக்கொழுந்தைப் பறிக்கும் கைகளுக்கு அந்த ஆண்டு ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம்.

ஒஹியவையும் இதல்கஸ்ஹின்னவையும் கடந்து அப்புத்தளைக்கு இறங்கினோம். மலை முதுகின்மேல் வண்டி போகும்போது, தென்புறத்தில் சமவெளி கடலை நோக்கி மங்கிக்கொண்டே போகின்றது. இவ்வூருக்கு அருகேயுள்ள தம்பத்தென்னைத் தோட்டத்தைத்தான் 1890இல் தாமஸ் லிப்டன் வாங்கினார்.

"அந்தத் தேயிலை ரஷ்யாவுக்கும் போகுது தம்பி. போன வருஷம் ஒரு பிளேன் கதை நடந்துச்சே, தெரியுமா?" என்றார் பெரியவர்.

கதை இதுதான். சோவியத் நாடு சிதைந்த பின்னர், ரஷ்யாவின் ஏரோஃப்ளோட் நிறுவனம் தன் பழைய இலியூஷின், டூபொலெவ் விமானங்களைச் சிறிது சிறிதாக ஒதுக்கியது. 1992இல் அதன் முதல் ஏர்பஸ் வந்தது. 2009ஆம் ஆண்டின் முடிவோடு டூபொலெவ்-154 விடைபெற்றது. புதிய விமானங்கள் குறைந்த எரிபொருளில், குறைந்த இரைச்சலில் பறந்தன. கணக்குப்படி அது சரியான முடிவுதான். ஆனால் அவற்றுள் பல வெளிநாட்டுக் குத்தகை நிறுவனங்களின் சொத்து. உதிரிப் பாகங்களும் மேற்கிலிருந்தே வரவேண்டும். 2022 பெப்ரவரியில் உக்ரேன் போர் மூண்டதும் பொருளாதாரத் தடை வந்தது. உதிரிப் பாகங்களின் வழி அடைபட்டது. அவ்வாண்டு ஜூன் 2ஆம் திகதி, மாஸ்கோவுக்குப் புறப்படவிருந்த ஏரோஃப்ளோட்டின் ஏர்பஸ் 330 விமானமொன்று, அயர்லாந்துக் குத்தகை நிறுவனம் தொடுத்த வழக்கினால் கட்டுநாயக்காவில் நிறுத்தப்பட்டது. ஏறக்குறைய 190 பயணிகள் காத்துக் கிடந்தார்கள். ரஷ்யா நம் தூதுவரை அழைத்து ஆட்சேபித்தது. கொழும்புக்கான விமான சேவை நின்றது. சில நாளில் விமானம் விடுவிக்கப்பட்டபோதிலும், சேவை மீண்டும் தொடங்கியது அக்டோபரில்தான். எரிபொருளுக்கும் மருந்துக்கும் நாடு வரிசையில் நின்ற காலம் அது. ரஷ்யா நம் தேயிலையைப் பெருமளவில் வாங்கும் நாடு. ஆகவே வியாபாரிகள் கலங்கினார்கள்.

"வழக்குப் போட்டவுக அயர்லாந்து, பிளேன் ஓட்டுனவுக ரஷ்யா, நின்னது கட்டுநாயக்கா. பயந்தது யாரு? எங்க லயத்துல கொழுந்து கிள்ளுறவ" என்றார் பெரியவர்.

"அப்ப ரஷ்யாக்காரர் பழைய விமானத்தையே வைத்திருக்க வேணுமோ?" என்றான் மருமகன்.

பெரியவர் நேரே விடை சொல்லவில்லை. தம் தொழிற்சாலையில் முன்பு இருந்த பழைய இங்கிலாந்து டீசல் எஞ்சினைப் பற்றிச் சொன்னார். செய்த கம்பெனியே மூடிப்போயிற்று. உதிரிச் சாமான் இல்லை. பெரிய துரை அதை இரும்பு விலைக்கு விற்கச் சொன்னார். பெரியவரும் அவருடைய குருவும் தேய்ந்த பாகத்தைப் பதுளைக்குச் சுமந்து சென்று, ஒரு பட்டறையில் கடைந்து வந்து பூட்டினார்கள். பிறகும் பல வருஷம் ஓடியது.

"ஆனா சார், பிளேனுக்கு இது நடக்காது இல்லையா?"

நடக்காது. விமானத்தின் ஒரு திருகாணிக்கும் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். எந்த ஆலையில், எந்த உலோகத்தில் ஆனது, யார் சோதித்தார் என்று தாளில் இல்லாவிட்டால் அதைப் பூட்டக்கூடாது. கனடிய எம்2 எஞ்சின்களிற் சில 2023இலும் ஓடிக்கொண்டிருந்தமைக்குக் காரணமும் இங்கேதான் இருக்கின்றது. அதன் இயந்திரம் உலகெங்கும் பரந்த ஓர் அமெரிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தது. அன்று எங்களை இழுத்த எம்6 எஞ்சின் ஜெர்மனியில் கட்டப்பட்டு 1979, 1980 அளவில் வந்த வகை. ஆனால் அதன் இருதயமும் அதே குடும்பந்தான். ஆகவே சாமான் கிடைக்கின்றது. இரத்மலானைப் பட்டறையில் அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த கைகளும் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன.

எஞ்சினை ஒப்பிடும்போது குதிரைவலுவையும் எரிபொருளையும் எழுதுகிறோம். மூன்றாவதாக ஒன்றையும் எழுத வேண்டும்: பழுதானால் திருத்துகிறவர் எங்கே இருக்கிறார்? பழைய எஞ்சினைத் தள்ளிப் புதியதை வாங்கும் நாடு, எவரை நம்பி இருப்பது என்பதையும் சேர்த்தே மாற்றிக்கொள்கின்றது.

எல்லவைத் தாண்டி ஒன்பது வளைவுப் பாலம் வந்தது. 1921இல் முடிந்த இப்பாலம் கல்லும் செங்கல்லும் சீமெந்துமாக எழும்பியது; இரும்புச் சட்டம் இல்லை. அடுத்து தெமோதரை. இங்கே மலைச்சரிவு மிகக் கடுமையாதலால், பாதை நிலையத்தைக் கடந்து ஒரு வட்டமடித்துக் கீழிறங்கி, அதே நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்தினுள் நுழைகின்றது. சற்றுமுன் நின்ற மேடை நம் தலைக்கு மேலே! மருமகன் கேள்விகளை மறந்து சன்னலுக்கு வெளியே தலையை நீட்ட, நான் சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று.

பதுளை கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 650 மீட்டர். பட்டிப்பொலவிலிருந்து 1,200 மீட்டருக்கு மேல் இறங்கியிருந்தோம். மலைகள் நாற்புறமும் சூழ, முதியங்கணை விகாரையின் வெண்மை வெயிலில் மின்னியது. சற்றுத் தொலைவில் 64 மீட்டர் உயரத்திலிருந்து துன்ஹிந்த அருவி விழுகின்றது. 2005இல் தோன்றிய ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இந்நகரத்திலேதான் இருக்கின்றது. தேயிலைத் தொழில்நுட்பத்தைப் பட்டப்படிப்பாகக் கற்பிக்கின்றது.

மேடையில் விடைபெறும்போது பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், என் பேத்தி எட்டாம் வகுப்பு. எதையாச்சும் கழட்டிக்கிட்டே இருப்பா. எஞ்சினியராகணும்ங்கிறா. எங்க பக்கத்துப் பள்ளிக்கூடத்துல உயர்தரத்துக்குப் பௌதிகம் சொல்லிக் கொடுக்க வாத்தியார் இல்ல. கணக்குக்கும் இல்ல. எஞ்சின் கனடாவுலேர்ந்து வந்துச்சு, ஜெர்மனியிலேர்ந்து வந்துச்சு. வாத்தியார் எங்கேர்ந்து சார் வரணும்?"

வண்டியில் வாய் ஓயாமல் பேசிய எனக்கு அப்போது ஒரு சொல்லும் எழவில்லை.

மறுநாள் துன்ஹிந்தவுக்குப் போவதாக இருந்தோம். போகவில்லை. தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் இருபது பிள்ளைகள் பாயில் அமர்ந்திருக்க, மருமகன் காகிதத்தில் விசிறி செய்து காட்டினான். நான் துருத்தியையும் வாட்டும் தொட்டியையும் வைத்து ஜெட் எஞ்சினை விளக்கினேன். உதாரணம் யாருடையது என்பதையும் சொன்னேன். அந்தப் பேத்தி எழுந்து, "தாத்தா கடைஞ்ச சாமானுக்குச் சான்றிதழ் குடுக்கிறது யாரு சார்? அந்த வேலைக்கு நான் என்ன படிக்கணும்?" என்று கேட்டாள். அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் ஆகஸ்டு விடுமுறையில் நான் அங்கே போனேன். ஒரு வாரப் படிப்பு ஓர் ஆசிரியருக்கு ஈடாகாது என்பதை அறிவேன். துருத்தியளவுதான் அது, விசிறியல்ல.

2025 நவம்பர் இறுதியில் தித்வா புயலோடு வந்த மழை மலைநாட்டைச் சிதைத்தது. பதுளை மாவட்டத்தில் மண்சரிவுகள் பல உயிர்களைக் குடித்தன. இருப்புப்பாதையும் பல இடங்களில் பெயர்ந்தது. தொலைபேசி வழி திரும்பியதும் பெரியவரை அழைத்தேன். லயத்துக்குப் பின்னாலிருந்த சரிவு இறங்கிவிட்டதாம். எல்லோரும் பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறார்களாம். "உசிரோட இருக்கோம் சார்" என்றவர், சற்று நிறுத்தி, "பேத்தி புஸ்தகத்தை மட்டும் தூக்கிட்டு ஓடியாந்திருச்சு" என்றார்.

பதுளைக்குப் போகிற ஆசிரியர் எவரேனும் இதை வாசித்தால் அருவியையும் பார்க்கட்டும், பாலத்தையும் பார்க்கட்டும். ஒரு நாளை மாத்திரம் அந்தப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கி வைக்கட்டும்.